சிவப்பு அட்டை கட்டிய மூன்றாவது பை

1. மேசைக்கு முன்னால் பிறீசர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு என் மேசையைக் காட்டவில்லை. பிறீசரைத்தான் காட்டினார்கள். நிலக்கீழ்த் தளத்து நடையின் முடிவில், இரண்டு அலுமாரிகளைச் சேர்த்து வைத்த அகலத்தில் அது உறுமிக்கொண்டு நின்றது. என் சுப்பவைசர் மார்கரெட், மெலிந்து உயர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி, அதன் கதவில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

“பிலோமினா, வெளியிலையிருந்து வாற எந்தச் செடியும் முதலிலை இதுக்குள்ளை ஒரு கிழமை கிடக்கவேணும். மைனஸ் முப்பது. நான் கொண்டுவந்தாலும் அப்பிடித்தான், நாட்டுப் பிரதமர் கொண்டுவந்தாலும் அப்பிடித்தான்.”

அவர் சொன்னது ஆங்கிலத்தில். இந்தக் குறிப்பில் எல்லாரையும் என் தமிழில்தான் பேச வைக்கப்போகிறேன். எனக்கு அதுதான் வசதி.

கட்டிடத்தின் பெயர் வேண்டாம். ரொறன்ரோ நகரத்தின் நடுவில், சப்வேயிலிருந்து மேலே ஏறிப் பத்து நிமிடம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. நான் வேலை செய்த பகுதிக்கு ஹேர்பேரியம் என்று பெயர். உலகின் மூலை முடுக்குகளில் இருந்தெல்லாம் வரும் செடிகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயரும் ஊரும் எழுதி, இரும்பு அலுமாரிகளில் அடுக்கி வைக்கும் இடம். ஒட்டுவது நான். பசை, ஊசி, நூல், இதழைப் பிடிக்கும் சாவணம், லேபிள், இவைதான் என் ஆயுதங்கள். கலியாண வீடுகளில் யாராவது “அக்காவுக்கு எங்கை வேலை?” என்று கேட்டால் என் மனுசன் செபஸ்ரியான் முந்திக்கொள்வார்: “இவ காய்ஞ்ச புல்லு ஒட்டுறா.” கேட்டவர் சிரிப்பதா, பாவப்படுவதா என்று தெரியாமல் ரோல்ஸ் தட்டைப் பார்ப்பார்.

எங்கள் எதிரி கடுகு அளவிலான ஒரு பழுப்பு வண்டு. அலுமாரிக்குள் ஒன்று புகுந்தால் போதும், நூறு வருடத்துக்கு முந்திய செடியையும் தூளாக்கிவிடும். அதனால்தான் பிறீசர். இருபத்தாறு வருடத்தில் என் அலுமாரிகளுக்குள் ஒரு வண்டுகூடப் புகவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். அந்தப் பெருமைதான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பிறீசரைத் திறந்தால் மீனுக்குப் பக்கத்தில் பயறு, அரிசிமா, ஒடியல்மா, மிளகாய்த்தூள் எல்லாம் பை பையாக இருக்கும். பூச்சி பிடிக்காமல் இருக்க நாங்கள் கண்ட வழி அது. பூச்சி பிடிக்கக்கூடிய விதையைக் கண்டால் ஸ்காபரோத் தமிழ்ப் பெண்ணின் கை தன்பாட்டில் பிறீசருக்குத்தான் போகும். வீட்டிலும் அதே சட்டம், வேலையிலும் அதே சட்டம். யோசிக்கவே தேவையில்லை.

2. செடிப்பக்கமும் பூச்சிப்பக்கமும்

நடையின் இந்தப் பக்கம் செடி. அந்தப் பக்கம் பூச்சி. பூச்சிப்பக்கத்தில் என்னைப்போலவே ஒரு டெக்னீசியன், மட்டக்களப்பு யோகன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். வண்டுகளை ஊசியில் குத்தி, மெத்தை போட்ட பெட்டிகளில் அடுக்குவது அவன் வேலை. நல்ல பிள்ளை. ஆனால் எனக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்.

காரணம் பிறீசர்தான். இரண்டு பக்கத்துக்கும் அந்த ஒன்றுதான். நான் செடியை வைக்கப் போனால் அவன் பெட்டிகள் இடத்தைப் பிடித்திருக்கும். அவன் கேட்டால் நான் இடமில்லை என்பேன்.

“என்னகா பிலோக்கா, நீங்க பிறீசரைச் சீதனமாக் கொண்டு வந்த மாதிரி நிக்கிறீங்க.”

“நீர் உம்மடை செத்த வண்டை வீட்டை கொண்டுபோய் வையும். ஆர் வேண்டாம் எண்டது?”

உறைய வைக்கக் கூடாத பொருள்களுக்கு ஒரு சிவப்பு அட்டை கட்டவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அது எப்போதாவது ஒருமுறை வரும் விஷயம். யோகன் என்ன செய்தான் என்றால், தன் பெட்டிகளை வரிசையில் நிற்காமல் நேரே எடுத்துக்கொண்டு போவதற்காகக் கண்டதற்கெல்லாம் சிவப்பு அட்டை கட்டத் தொடங்கினான். ஒரு நாள் அவனுடைய கச்சான் கடலை டப்பாவிலேயே சிவப்பு அட்டையைக் கண்டேன். அன்று முதல் சிவப்பு அட்டையை நான் மதிப்பதில்லை. வாய்விட்டுச் சொல்லவில்லை, மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

3. சமீராவின் பள்ளத்தாக்குகள்

அந்தச் சமயத்தில்தான் சமீரா வந்தாள். துனிசியாப் பெண், இங்கே கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். தலைமுடி சுருள் சுருளாக, கதைக்கும்போது இரண்டு கையும் சேர்ந்து கதைக்கும். அவளுக்கு ஒரு பக்கம் போதாது. செடியும் வேண்டும், அதில் குடியிருக்கும் பூச்சியும் வேண்டும். அதனால் நடையின் குறுக்கே காலையும் மாலையும் ஓடுவாள்.

“வட ஆபிரிக்கா எண்டால் எல்லாரும் மணலைத்தான் நினைக்கினம்,” என்பாள். “ஒரு ஹல்ஃபாப் புல்லுப் பத்தையை விலக்கிப் பாருங்கோ. அடியிலை ஒரு ஊரே இருக்கும். விதை பொறுக்கிற எறும்பு இருக்கும். மணல் சுடுதெண்டு நெட்டைக் காலிலை எழும்பி நடக்கிற கறுப்பு வண்டு இருக்கும்.”

அவள் கொண்டுவந்த செடிக் கட்டுகளைப் பிரித்தபோது அறை முழுக்க மருக்கொழுந்து வாசம். அந்தச் செடி மருக்கொழுந்தின் ஒன்றுவிட்ட சகோதரம், அங்கே ஆடு மேயும் வெளியெல்லாம் அதுதானாம். அதன் கிளையில் பஞ்சு உருண்டைபோல் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பூ என்று நினைத்தேன். “பூ இல்லை, ஒரு சின்ன ஈயின்ரை வீடு,” என்றாள். இருபத்தாறு வருடமாகச் செடி ஒட்டுகிறேன், எத்தனை வீட்டைப் பூ என்று ஒட்டியிருப்பேனோ தெரியாது.

அவளுடைய முக்கியமான ஆராய்ச்சி ஒரு முள்மரத்தைப் பற்றியது. அங்கே தல்ஹ் என்பார்கள். படத்தைக் காட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மன்னாரில் குடை பிடித்ததுபோல் நிற்கும் உடைமரத்தின் அச்சு. தெற்குத் துனிசியாவின் வறண்ட வெளியில் நிழல் என்று இருந்தால் அந்த மரத்தின் நிழல்தான். அதன் கீழேதான் புல் முளைக்கும், பூச்சி பெருகும், குருவி வரும். ஆனால் கிழட்டு மரங்கள் மட்டுமே நிற்கின்றன, கன்றுகளைக் காணோம். காரணங்களில் ஒன்று விதைக்குள் இருக்கும் ஒரு வண்டு. எங்கள் வீட்டுப் பயற்றுக்குள் வருமே, அதே குடும்பம். பூச்சி உள்ளே இருந்து பருப்பைத் தின்றுவிட்டால் அந்த விதை முளைக்காது.

ஊரில் ஹம்தி என்று ஒருவர் நாற்றுமேடை வைத்திருந்தார். மரத்தைத் திரும்ப நடுவதற்கு நல்ல விதை எந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. வருடத்தில் ஒருமுறைதான் விதை எடுக்கலாம். அதற்கு விடை தேடித்தான் சமீரா மூன்று பள்ளத்தாக்குகளில் காய் பறித்து மூன்று பைகளில் போட்டிருந்தாள். இரண்டு பைகளைத் தன் கையோடு கொண்டுவந்து யோகனிடம் கொடுத்தாள். உயிருள்ள பூச்சியை வைத்திருக்க அனுமதி பெற்ற பூட்டிய அறை அவனிடம்தான் இருந்தது. விதைகளைக் கண்ணாடிப் போத்தல்களில் போட்டு, எந்தப் பள்ளத்தாக்கு விதையிலிருந்து எத்தனை வண்டு வெளியே வருகிறது என்று எண்ணுவதுதான் திட்டம். மூன்றாவது பை செடிக் கட்டுகளோடு பார்சலில் பின்னால் வந்தது.

பார்சலைத் திறந்தது நான்.

4. சிவப்பைக் கண்டனான்

அன்று காலையில்தான் யோகனோடு பெரிய சண்டை. பிறீசரின் நடுத்தட்டு முழுவதையும் அவன் பிடித்துவிட்டான். இனி அவனுக்கு ஒரு அங்குலமும் விடக்கூடாது என்று கறுவிக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவனுடைய பெட்டிகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு என் பார்சலை அடுக்கினேன். கட்டுக் கட்டாகச் செடி. அவற்றோடு ஒரு துணிப்பை. பையின் வாயில் கம்பளி நூலால் ஒரு சிவப்பு அட்டை.

காணவில்லை என்று இன்றைக்கும் பொய் சொல்லமாட்டேன். கண்டேன். ‘இவன் என்ரை பார்சலுக்குள்ளையும் வந்திட்டானே’ என்றுதான் நினைத்தேன். அட்டையைப் பிய்த்து ஏப்ரன் பொக்கற்றுக்குள் போட்டேன். பையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். பிறீசர்ப் புத்தகத்தில் நாளும் நேரமும் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அதில் மட்டும் நான் பிசகியதில்லை.

ஒரு கிழமை கழித்துப் பையை எடுத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் யோகனின் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு வந்தேன். அவன் அதைப் போத்தல்களில் போட்டான். நாங்கள் இரண்டு பேரும் அந்த மாதம் முழுக்கக் கதைக்கவில்லை.

5. சந்தோஷம் வந்த வெள்ளிக்கிழமை

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நடையில் ஒரே ஆரவாரம். சமீரா ஒரு தட்டில் பேரீச்சம்பழத்தோடு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“பிலோ, வாங்கோ! வந்து பாருங்கோ!”

யோகனின் அறைக்குள் மூன்று வரிசையாகப் போத்தல்கள். முதல் வரிசையில் ஆங்காங்கே சில வண்டுகள் ஊர்ந்தன. இரண்டாவது வரிசையில் இன்னும் கூட. மூன்றாவது வரிசைப் போத்தல்கள் பளிச்சென்று இருந்தன. ஒன்றும் இல்லை.

“சைபர்!” என்றாள் சமீரா. “மூண்டாவது பள்ளத்தாக்கிலை ஒரு வண்டுகூட இல்லை. நான் ரெண்டு தரம் எண்ணிப் பாத்திட்டன். ஹம்திக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டன். வாற வியாழன் ஆக்களோடை போய் அந்த மரங்களிலைதான் விதை எடுக்கப்போறார்.”

அவள் கண் கலங்கியிருந்தது. நான்கு வருட அலைச்சலுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். யோகன்கூட என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, கை துடைக்கத் துண்டு இருக்கிறதா என்று ஏப்ரன் பொக்கற்றைத் துழாவினேன். அட்டை கையில் பட்டது.

என் மேசைக்கு வந்து அதைத் திருப்பிப் பார்த்தேன். யோகனின் எழுத்து அல்ல. சின்னச் சின்ன உருண்டை எழுத்தில் எழுதியிருந்தது: “உயிர் உள்ளது. தயவுசெய்து உறைய வைக்கவேண்டாம். சமீரா.”

வண்டு இல்லாமல் இல்லை. வண்டு வெளியே வரமுடியாமல் உள்ளேயே செத்துக் கிடக்கிறது. கொன்றது நான். இப்போது அந்த மனுசன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், உள்ளே கோது மட்டும் இருக்கும் விதையைச் சாக்குச் சாக்காகக் கட்டப்போகிறார். முளைக்காத விதைக்கு ஒரு வருடம் தண்ணீர் ஊற்றப்போகிறார்.

இதில் கேவலம் என்னவென்றால், நான் வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது. அட்டை என்னிடம். பிறீசர்ப் புத்தகத்தை என்னைத் தவிர யாரும் புரட்டுவதில்லை. பென்சனுக்கு இன்னும் இரண்டு வருடம். இருபத்தாறு வருடத்து நல்ல பெயர். சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்க் கொத்து ரொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஞாயிறு பூசைக்குப் போனபோது பங்குச்சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் காணாதா என்றுகூட யோசித்தேன். பாவம், அவர் துனிசியா வண்டைப் பற்றி என்ன கண்டார்?

திரும்பி வரும்போது காருக்குள் செபஸ்ரியானுக்குச் சொன்னேன். வழக்கமாகப் பகிடி விடும் மனுசன் ரேடியோவை நிறுத்தினார்.

“அந்தப் பிள்ளை ஆருக்கோ பிழையான கணக்குக் குடுத்த மாதிரி ஆகிடுமே, பிலோ.”

“ஓம்.”

“அப்ப நாளைக்கு முதல் பஸ்ஸிலை போம்.”

6. எத்தனை மணிக்கு?

போனேன். சமீரா எனக்கு முன்னமே வந்திருந்தாள். அட்டையை அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: யோகனோடு சண்டை, அட்டையைப் பிய்த்தது, ஒரு கிழமை உறைய வைத்தது, எல்லாம்.

அவள் மூன்றாவது வரிசைப் போத்தல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் அசையாமல் மடியில் கிடந்தன. அவளுடைய கைகள் சும்மா கிடந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

“நான் இந்தப் போத்தலுகளைப் பாத்துப் பாட்டுப் பாடினனான்,” என்றாள். பிறகு அழுதாள். பிறகு கோபப்பட்டாள். “சிவப்பு எண்டால் சிவப்புத்தானே! அதிலை என்ன விளங்கேல்லை உங்களுக்கு?” என்று நடை முழுக்கக் கேட்கக் கத்தினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

கத்தி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்: “எந்த நாள் வைச்சனீங்கள்? எத்தினை மணிக்கு?”

பிறீசர்ப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினேன். நாள், நேரம், கையெழுத்து. அவள் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அந்த நேரம் வரைதான் இந்தப் பை உயிரோடு இருந்தது என்று வைத்து மற்றப் பைகளோடு ஒப்பிடவேண்டுமாம்.

அடுத்ததாக ஹம்திக்குப் போன். அரபியில் நீளமாகக் கதைத்தாள். எனக்கு விளங்கியது “கனடா” என்ற சொல்லும் “பிலோ” என்ற என் பெயரும்தான். திடீரென்று மறுபக்கத்தில் போன் வெடிக்கும் அளவுக்கு ஒரு சிரிப்பு.

“என்னவாம்?” என்று கேட்டேன்.

“வியாழக்கிழமைப் பயணத்தை நிப்பாட்டிட்டாராம். குளிரிலை இந்தப் பிசாசு சாகும் எண்டு தெரிஞ்சிருந்தால் எல்லா மரத்தையும் உங்களிட்டை அனுப்பியிருப்பாராம்.”

அதைச் சொல்லும்போது அவளுக்கும் வாயோரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் அழுகை வந்தது.

7. நகவெட்டி

யோகனுக்கும் சொன்னேன். என்னைத் திட்டுவான் என்று பார்த்தால், “கச்சான் டப்பாவில அட்டை கட்டினது நான்தானேக்கா,” என்று தலையைச் சொறிந்தான். அவன் போய் ஒரு விதையை எடுத்து மைக்கிறஸ்கோப்பின் கீழ் வைத்தான்.

“இஞ்ச வந்து பாருங்க. தோலில வட்டமா ஒரு யன்னல் தெரியுதா? வெளியில வாறதுக்கு வழி வெட்டிப்போட்டு, கடைசித் தோலை மட்டும் மிச்சம் விட்டு உள்ளுக்க இருந்திருக்கு. கதவைத் திறக்கப் போற நேரம் பிறீசருக்குள்ள போயிட்டுது.”

அப்படியென்றால் வண்டு முழுதாக உள்ளே இருக்கும். ஒவ்வொரு விதையாகத் திறந்தால் எண்ணலாம். அந்த விதை கல்லுப்போல. கத்தி வைத்தால் தெறித்து ஓடும், அழுத்தினால் வண்டோடு நொறுங்கும். சமீரா முயன்றாள், முடியவில்லை. யோகன் முயன்றான், விதை போய் சீலிங்கில் பட்டது.

நான் கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்தேன். காய்ந்த பூவின் இதழைச் சாவணத்தால் பிரித்துப் பிரித்துப் பழகிய கை இது. விதையின் ஓரத்தில் ஒரு கொத்து, ஈரத் துணியில் கொஞ்ச நேரம், பிறகு ஊசியால் மெல்ல நெம்பினால் யன்னல் கழன்று வந்தது. உள்ளே கால்களை மடித்துக்கொண்டு ஒரு வண்டு, மீசை முதற்கொண்டு முழுசாக இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் மூன்று பேரும் ஒரு மேசையில். நான் திறப்பேன், யோகன் பார்ப்பான், சமீரா எழுதுவாள். மூன்றாவது பள்ளத்தாக்கில் சைபர் அல்ல. மூன்றிலும் மோசமானது அதுதான். கைக்கு வந்த விதையில் முக்கால்வாசிக்கு மேல் பூச்சி. சில விதைகளில் வண்டுக்குப் பதிலாக அதைத் தின்று வளர்ந்த ஒரு சின்னக் குளவி, எறும்பைவிடச் சின்னது. எது எந்த விதைக்குள் எதைத் தின்றுகொண்டிருந்தது என்று அப்படியே தெரிந்தது. எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனதால்தான் அப்படிப் பார்க்க முடிந்தது என்று சமீரா சொன்னாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“பெருமைப்பட வேண்டாம்,” என்றாள் உடனே.

மார்கரெட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பிறீசர்ப் புத்தகத்தின் கடைசி நிரலைக் காட்டினார். ‘குறிப்பு’ என்று தலைப்புப் போட்டிருக்கும். இருபத்தாறு வருடமாக நான் ஒன்றும் எழுதாத நிரல். “இதிலை எழுதும்,” என்றார். எழுதினேன்: “சிவப்பு அட்டையைக் கண்டும் உறைய வைத்தேன். பிழை என்னுடையது.” கையெழுத்து வைத்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிழை விடுவீர்கள். விட்டால் அன்றைக்கே, நேரத்தோடு எழுதி வையுங்கள். அந்த நாளும் நேரமும் எழுதியிருந்தபடியால்தான் செத்த பையிலிருந்தும் சமீராவால் உண்மையை எடுக்க முடிந்தது. நேரம் மட்டும் சரியாக எழுதிவிட்டு, அட்டையின் மறுபக்கத்தைப் படிக்காமல் விட்ட ஆள் சொல்கிறேன்.

நான் இப்போது பென்சனில். போன மாதம் சமீரா ஒரு படம் அனுப்பியிருந்தாள். முதலாவது பள்ளத்தாக்கின் விதையில் முளைத்த கன்றுகள், முழங்கால் உயரம், ஹம்தியின் வேலிக்குள் வரிசையாக நிற்கின்றன. வேலிப் படலையில் கம்பளி நூலால் ஒரு சிவப்பு அட்டை தொங்குகிறது, அதில் அரபியில் இரண்டு வரி. என்ன எழுதியிருக்கிறது என்று போன் எடுத்துக் கேட்டேன்.

“முதல் வரி, ‘உயிர் உள்ளது,’” என்றாள் சமீரா.

“இரண்டாவது?”

“‘கனடாவுக்கு அனுப்பவேண்டாம்.’”

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கி, கன்றுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன்.